கருநீல டப்

ஏழு மெழுகுவத்திகளும் ஏற்றியாகிவிட்டது. குருவானவர் அபூனா அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வெந்நீர் பக்குவமாக ஆறியிருந்தது. டப்தான் இன்னும் வரவில்லை.

பிறந்த ஏழாம் நாள், ஜெபித்த தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்.

கீழே போன குழந்தையின் அப்பா நாஷித் தூக்கி வந்தது, மாவு பிசைகிற அலுமினியப் பாத்திரம்.

தெமியானாவுக்கு முகம் சுண்டிப்போனது. மடியில் கிடந்த மகளின் துணியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். அறை நிறைய, ஊர்க் குப்பையைப் பிரித்துப் பிழைக்கும் முகத்தம் குப்பைத்தெருப் பெண்கள். ஒருத்தி வாயும் சும்மா இருக்காது.

“ஊருக்கே டப் போடுற மனுஷன், பெத்த பொண்ணுக்கு மாவுச்சட்டி கொண்டாந்திருக்கான் பாருங்கடி.”

எல்லோரும் சிரித்தார்கள். அபூனாவும் சிரித்தார்.

“எல்லாம் ஆர்டர்ல போயிடுச்சு அபூனா. ஒண்ணுகூட மிச்சமில்ல.”

குருவானவர் முகத்துக்கு நேராக அவன் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. கீழே பட்டறையில், தார்ப்பாய்க்கு அடியில், நாற்பது டப் அடுக்கியிருந்தது.

நோன்புக் காலத்தில் அபூனாவே பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். புதுப் பிளாஸ்டிக்கை வாங்கி வாங்கிக் குவிக்காதீர்கள், நம் குப்பையிலிருந்து நம் நாஷித் செய்வதை வாங்குங்கள் என்று. அதற்குப் பிறகு அவனிடம் டப் வாங்காத வீடில்லை. பொறுக்கி வந்த பாட்டில்கள் அவன் மிஷினுக்குப் போதவில்லை.

அப்போதுதான் ஒரு ஆஸ்பத்திரியின் பின்வாசல் மூட்டைகளை எடுத்தான். ஊசிக்குழல்கள், ரத்தம் காய்ந்து ஒட்டிய குழாய்கள். கழுவ நேரமில்லை. உருக்குகிற சூட்டில் எல்லாம் செத்துப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொட்டினான். வெளிர்நிறத்தில் கறை தெரிந்தது. கருநீலத்துக்கு மாற்றினான். மாதாவின் மேலாடை நிறம் என்று பெண்கள் இன்னும் ஆசையாக வாங்கினார்கள்.

அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மிஷினை நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு இன்சாஃப், எட்டு மாத மகனை இடுப்பில் வைத்தபடியே ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். கையில் கருநீல டப்.

“இந்தாங்கண்ணே, நீங்க செஞ்சதுதான். தினம் இவனை இதுலதான் குளிப்பாட்டுறேன். நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

தெமியானாவின் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது. அபூனா டப்பை வாங்கி வைத்துத் தண்ணீரை ஊற்றினார். ஜெபம் முடிந்தது. அவள் குழந்தையின் துணியை அவிழ்த்தாள்.

“அதுல வேணாம்.”

அவ்வளவு சத்தமாகச் சொல்ல அவன் நினைக்கவில்லை. மகளை வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. எந்த மூட்டையில் என்ன வரும் என்று பிரித்துப் பிரித்தே வளர்ந்த பெண்கள் அவர்கள்.

இன்சாஃப் டப்பைப் பார்த்தாள். அவன் நெஞ்சோடு அணைத்திருந்த குழந்தையைப் பார்த்தாள்.

பிறகு, இடுப்பிலிருந்த மகனின் சட்டையை மெதுவாகத் தூக்கி, அவன் உடம்பைப் பார்க்கத் தொடங்கினாள்.