தேடல் பெட்டி

மணி நாலேகால். கணினித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அம்சவேணியின் நர்சிங் விண்ணப்பம் பாதியில் நின்றது. சாதிச் சான்றிதழை ஏற்ற ஐந்து மணிவரைதான் நேரம். வேறு இ-சேவை மையத்துக்குப் போவதென்றால் மலையை விட்டு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவளும் அவள் அப்பா காளியண்ணனும் மலையின் மறுகோடியில் இருக்கும் ஆலத்தூர் நாட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தவர்கள். இன்னும் சாப்பிடவில்லை.

அந்த இ-சேவை மையத்தில் ஆரோக்கியசாமிக்கு இது பதினான்காவது வருடம். நாமக்கல்லிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர். போன வருடம்வரை எல்லாரும் "சாமி சார்" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

இப்போது அவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். "பாப்பா இல்லீங்களா?"

பாப்பா என்றால் தேன்மொழி. இந்த மலைப் பெண். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் சாப்பிடப் போயிருந்தால், அவருக்கு எதிரே நாற்காலி காலியாகக் கிடந்தும், சுவரோரம் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

பலாச்சுளை கொண்டுவந்தாலும் அவளுக்குத்தான். அதில் இரண்டு சுளையை எடுத்து அவர் மேசையில் வைப்பாள். அதுதான் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

"கண்ணு, அஞ்சு மணிக்குள்ள ஆயிருமா?" காளியண்ணன் இன்றும் அவளிடம்தான் கேட்டார்.

"ஆயிருங்க மாமா." அவள் குரல் லேசாக நடுங்கியது.

ஆரோக்கியசாமிக்கு அந்த நடுக்கம் பிடித்திருந்தது. திணறட்டும்.

நாலு நாளாகவே கணினி தவழ்ந்துகொண்டிருந்தது. வைரஸாக இருக்கும் என்றாள் தேன்மொழி, பார்த்தாள். இடம் போதவில்லை என்றாள், பழைய படங்களை அழித்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை.

அம்சவேணி கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலரைக்கு, எந்த வேலை கணினியை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் தேன்மொழி திறந்தாள். மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் கோப்பு தேடும் வசதி ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸுக்குள் போனாள். இரண்டு ஃபோல்டரை மட்டும் பார்க்க வேண்டிய தேடல், ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் நுழைந்து ஒவ்வொரு சொல்லையும் படிக்கும்படி மாறியிருந்தது. பதினான்கு வருடக் கோப்புகள்.

பழையபடி மாற்றினாள். வட்டம் நின்றது.

நாலு ஐம்பதுக்குச் சான்றிதழ் ஏறியது. ஒப்புகைச் சீட்டு பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும் அம்சவேணி அதைச் சூட்டோடு பிடுங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"மிஷினுக்கு என்ன கண்ணு ஆச்சு?" என்றார் காளியண்ணன்.

தேடல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அவள் தேடல் பெட்டிக்குள் கிளிக் செய்தாள். இதற்கு முன் தேடிய சொற்கள் வரிசையாகக் கீழே விரிந்தன.

ஆரோக்கியசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

நாலு நாளுக்கு முன், அவள் சாப்பிடப் போன மதியத்தில் அவர் தட்டியவை அவை. 'தேன்மொழி.' 'தேன்மொழி பிழை.' 'தேன்மொழி புகார்.' அவள் செய்த தப்பு ஒன்றாவது எங்காவது எழுத்தில் கிடைக்காதா என்றுதான் கோப்புகளுக்குள்ளெல்லாம் தேடச் சொல்லியிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மாற்றியதைத் திரும்ப மாற்ற அவருக்குத் தெரியவில்லை.

அவள் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"அப்டேட் ஏதோ வந்திருக்குங்க மாமா. அதுவா மாறிப்போச்சு."

ஒவ்வொரு வரியாக அழித்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்த மூன்று வரிகளையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்திருப்பார் என்பது அவருக்குத் தெரிந்தது. இந்த எட்டு மாதத்தில் இல்லாத அளவுக்கு அவள்மேல் பொறாமை வந்தது.