செருப்புப் பலகை

“மூணாவது தடவை சொல்றேன் புஷ்பமேரி. இந்தப் பலகைய எடுத்துத் தெருவுல வீசு!”

ஜெகபர் அலி போட்ட சத்தத்தில் கடைக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பலகையில் இருந்தது ஒரே வரி. ‘செருப்பை வெளியே விடவும்.’ பக்கத்தில் ஒரு மர ஸ்டாண்டு. அதில் வாடிக்கையாளர்களின் செருப்புகள்.

திண்டுக்கல்லில் அவர் வைத்திருப்பது விளையாட்டுத் துணிக்கடை. பனியன், டிராக் பேண்ட், ஷூ. பெரிய கம்பெனி ஒன்று, மாவட்டத்துக்கு ஒரு கடை என்று ஏஜென்சி தருவதாகச் சொல்லியிருந்தது. அவர்கள் கொடுத்த வரைபடப்படி கடையை மாற்றி, படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் மதுரையிலிருந்து கம்பெனி ஆள் ஸ்டான்லி வந்திருந்தார்.

ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்து வரைபடத்தை விரித்தார்.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு பாய். நுழைஞ்சதும் வலப்பக்கம் பனியன். கண்ணு உயரத்துல புது மாடல். ஷூ கடைசிச் சுவர்ல. ஷூ கேட்டு வர்றவன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் அங்க போகணும். அதுக்குத்தான் தரையில இந்தச் சிவப்புக் கோடு. ஆனா வாசல்ல என்ன இது? கடையா, கோயிலா?”

“நான் வைக்கல சார். இந்தப் பொம்பளை வச்சது.”

“வாசல்ல ஒரு நிமிசம் நின்னு யோசிச்சான்னா ரோட்டோட போயிருவான் பாய். ஷூ விக்கிற கடையில எல்லாரும் வெறுங்காலோட நிக்கிறாங்க! இதப் படம் எடுத்து அனுப்புனா சிரிப்பாங்க. ஏஜென்சி பழனிக்குப் போயிரும், பாத்துக்கங்க.”

ஜெகபர் அலிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பலகை வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு தடவை அவரே எடுத்து உள்ளே போட்டார். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அது வாசலில் நின்றது.

“ஏம்மா, புதுசாப் போட்ட வெள்ளைத் தரை. தொடைக்க ஒடம்பு வளையல, அதானே?”

கடையில் வேலை பார்க்கும் புஷ்பமேரி கடைசிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான எரியோட்டிலிருந்து வந்த பெண், பள்ளிச் சீருடை. பெயர் இளவேனில். சனிக்கிழமை மாவட்ட அளவில் ஓடப் போகிறவள்.

“தரைக்காக இல்ல பாய். செத்த பொறுங்க, பெறகு சொல்றேன்.”

“பெறகு என்ன பெறகு? இப்பவே சொல்லு.”

“இப்ப வேணாம் பாய்.”

“சோம்பேறிகிட்டப் போயி காரணம் கேட்டுக்கிட்டு” என்றார் ஸ்டான்லி.

இரண்டு பேர் சிரித்தார்கள். அது ஜெகபர் அலியை இன்னும் சூடாக்கியது.

“இன்னியோட ஒன் வேலை முடிஞ்சுது. பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. நாளைக்கு இந்தப் பக்கம் வராத!”

அவரே போய்ப் பலகையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்.

ஸ்டான்லி கேமராவை எடுத்தார்.

“பிலிம் ரோல்ல மூணு படம்தான் பாக்கி. எல்லாரும் வெளிய போயி செருப்பப் போட்டுக்கிட்டு, இந்தச் சிவப்புக் கோட்டு மேல வரிசையா நடந்து வாங்க.”

படம் என்றதும் எல்லோருக்கும் உற்சாகம். கடைக்கு வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேர் போனார்கள். ஆறு ஜோடிச் செருப்பை மாட்டிக்கொண்டு, தலையைக் கோதிவிட்டு வந்து நின்றார்கள்.

இளவேனில் எழவில்லை. மாட்டியிருந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஸ்டாண்டில் மிச்சம் ஒன்றும் இல்லை.

“என்னம்மா, செருப்பக் காணோமா?” ஸ்டான்லி கடை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார். “யாருப்பா மாத்திப் போட்டது? இந்தப் பிள்ள செருப்பக் காணோம், பாருங்க!”

ஆறு பேரும் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்கள். வெடித்த குதிகால். விரலிடுக்கில் செம்மண்.

அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

புஷ்பமேரி விருட்டென்று எழுந்து பின்னறைக்குப் போனாள். ஒரு ஜோடிச் செருப்போடு வந்து இளவேனிலின் காலடியில் போட்டாள்.

“இந்தா தாயி. வெளிய கெடந்தா காணாமப் போயிரும்னு நான்தான் உள்ள எடுத்து வச்சேன். ஒங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்.”

“அத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” ஸ்டான்லி சலித்துக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தார்.

இளவேனில் செருப்புக்குள் காலை நுழைத்தாள். பின்னால் இரண்டு விரல்கடை மிச்சம் நின்றது.

ஜெகபர் அலி அதையே பார்த்தார். அது புஷ்பமேரியின் செருப்பு. காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் வேலைக்கு வந்தாள்.

பத்து நாளாக இந்தக் கடையில் எல்லோருக்கும் வெறுங்கால். அதில், செருப்பே இல்லாமல் வந்தது யார் என்று ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

புஷ்பமேரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, எங்க போற? உள்ள வா!”

கத்திக்கொண்டே அவளுக்கு முன்னால் தெருவில் இறங்கினார். பலகையைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்து, வாசலில் நட்டு வைத்தார்.

“பாய், படம் எடுக்கிற நேரத்துல என்ன பண்றீங்க? ஏஜென்சி வேணுமா, வேணாமா?”

ஜெகபர் அலி திரும்பிய வேகத்தில் ஸ்டான்லி ஓர் அடி பின்னால் போனார்.

“மொதல்ல ஒங்க ஷூவக் கழத்தி வெளிய விட்டுட்டு வந்து பேசுங்க சார்!”