ஐந்தாவது ஜோடி

அந்தச் சிற்றூரின் பழைய கூரைப் பாலத்தில் செருப்போடு ஏறக்கூடாது. இக்கரையில் கழற்றிவிட்டால் பரிசல்காரர் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் அக்கரைப் படியில் வரிசையாக வைத்துவிடுவார். இருபுறமும் பலகை அடைத்த பாலம். உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. நடுவில் ஒருமுறை என் எட்டு வயது மகள் மதுவந்தியின் கை என் பிடியிலிருந்து நழுவியது; இருட்டில் துழாவி ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் சிறுமிக்கான சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி, புத்தம் புதிதாக இருந்தது. "அதைத் தொடாதீங்க சார்," என்றார் பரிசல்காரர். "அந்தா கல்லுல உக்காந்திருக்காங்கல்ல, அவங்க பொண்ணுக்கு வெச்சது. மூணு வயசுல பாலத்துக்குள்ள ஓடுன புள்ள, இந்தப் பக்கம் வரவே இல்ல. வளந்திருக்கும்னு வருஷா வருஷம் ஒரு சைஸ் பெருசா வாங்கி வெப்பாங்க. இது அஞ்சாவது ஜோடி." நான் குனிந்து பார்ப்பதற்குள் மதுவந்தி அதில் கால்களை நுழைத்திருந்தாள். குதிகால்வரை சரியாகப் பொருந்தியிருந்தது. "கழட்டும்மா, நம்மளது இல்ல," என்றேன். கல்லில் இருந்த பெண் எழுந்து வந்தாள். "இவ்ளோ நேரமாடி?" என்று மட்டும் கேட்டாள். மகள் என் கையிலிருந்து விரல்களை உருவிக்கொண்டு அவளிடம் சொன்னாள்: "உள்ள ஒரே இருட்டும்மா."