டோரதி ஆன்ட்டியின் கல்யாண அண்டா

போலி அண்டா ஒன்று தயாரித்தே தீருவது என்று கதிரேசன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரை அவன் செய்திருந்த பெரிய குற்றம், 12பி பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்ததுதான்.

பாவம், அவனுக்கு வேறு வழியில்லை. தங்கையின் வளைகாப்புக்காகக் கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் டோரதி ஆன்ட்டியிடம் அண்டா இரவல் வாங்கியிருந்தான். புளியோதரை தீர்ந்ததும் அவன் மனைவி அன்புச்செல்வி அதைப் பளபளவென்று தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலையில் அண்டாவைக் காணோம்.

எவர்சில்வர்தான். ஆனால் ஆன்ட்டியின் கல்யாணச் சீர். கழுத்தில் ‘பவுல்சாமி - டோரதி 18.5.84’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்.

“போலீஸ்ல சொல்லிடலாம் ஆன்ட்டி” என்றான் கதிரேசன்.

“போலீஸ்லாம் வாணாம்ப்பா. சாந்தோம்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?” ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “செத்துப்போன மனுஷன் பேரு அதுலதான் கீது.”

அந்தக் கண்ணீரைப் பார்த்துக் கதிரேசன் உருகிப்போய் உளறிவிட்டான். “ஈஸ்டருக்குள்ள அண்டா கிடைக்கலைன்னா நாங்களே வீட்டைக் காலி பண்ணிடறோம் ஆன்ட்டி!”

“நீயா சொல்ற. நான் கேக்கல” என்றாள் ஆன்ட்டி.

கடல் காற்று வரும் வீடு. கோடையிலும் வற்றாத கிணறு. அன்புச்செல்வி பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. வாடகை அக்ரிமெண்ட் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் இரண்டு நாள் அவனோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள். “உங்க நாக்குலதான் லேசர் வெச்சு சுடணும்!”

கதிரேசன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். “அன்பு! லேசர்!”

அவன் ராயப்பேட்டை அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன். எழுத்து அவனுக்குக் கைவந்த கலை. வளைகாப்பு போட்டோ ஒன்றில் அண்டாவின் பெயர் தெளிவாக விழுந்திருந்தது. அதை ஒவ்வொரு புள்ளியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். தி.நகரில் அதே அளவில் புது அண்டா வாங்கினான். பெயர் பொறிக்கும் லேசர் மெஷின்களில் இருப்பதிலேயே மலிவான ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டான். அலுமினியச் சட்டம், ரப்பர் பெல்ட், குட்டி மோட்டார்கள், எறும்பு எழுத்தில் ஒரு குறிப்புத் தாள். இரண்டு நாளில் பூட்டி முடித்தபோது நாலு ஸ்குரூ மிஞ்சியது.

“இது எங்க போவணும்?” என்றாள் அன்புச்செல்வி.

“அதெல்லாம் ஸ்பேர்.”

ஸ்பூன் ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். அது ஒரு கோடுகூட விழாமல் முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தது. கதிரேசன் விடுவானா? ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு ஓடி, இரண்டு மடங்கு சக்தியுள்ள லேசர் வாங்கி மாட்டினான். புகையை ஊதித் தள்ள மீன் தொட்டிப் பம்ப். அண்டா அடியில் நுழைவதற்காக மெஷினின் நாலு காலுக்கும் நாலு செங்கல். எவர்சில்வரில் எழுத்து கறுப்பாக விழ வேண்டுமென்றால் கடுகை அரைத்துப் பூசச் சொல்லி யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருந்தார்.

“கடுகு மட்டும் போதுமா? கறிவேப்பிலையும் கிள்ளிப் போடவா?” அன்புச்செல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தப்பு செய்வது இவ்வளவு ஜாலியாக இருக்கும் என்று இருவருக்குமே அதுவரை தெரியாது.

லேசர் வெளிச்சம் கண்ணைத் தாக்காமல் இருக்க மெஷினோடு வந்தது ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டவர் மெஷினைக் கவனிப்பார், மற்றவர் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்வார். ‘பவுல்சாமி’ முடிந்து ‘டோர’ வரைக்கும் வந்தபோது கதவு தட்டப்பட்டது. கதிரேசன் மெஷினை நிறுத்தி, எல்லாவற்றின் மேலும் போர்வையைப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தான்.

“இன்னா டொர்ருனு ஒரே சத்தம்?” வாசலில் டோரதி ஆன்ட்டி.

“மீன் தொட்டி வாங்கியிருக்கோம் ஆன்ட்டி.”

“கருகுன வாசனை வருது?”

“மீன் குழம்பு ஆன்ட்டி” என்றாள் அன்புச்செல்வி உள்ளேயிருந்து.

ஆன்ட்டி இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். “எந்தங்கச்சி மவன் லாய்டு அன்னிக்கு இந்த ஹால டேப் வெச்சு அளந்துகினு போனான் இல்ல? பெயின்ட் அடிக்கத்தான். ஈஸ்டர் முடியட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பெயர் வெட்டி முடித்ததும் புளி போட்டுத் தேய்த்தார்கள். நார் போட்டு மங்க வைத்தார்கள். பழைய அண்டாவில் ஒரு சொட்டை உண்டு. அதற்காகப் புதியதை மாடிப்படியில் ஒரே ஒரு தடவை உருட்டிவிட்டார்கள். சொல்லிவைத்தாற்போல் அதே இடத்தில் சொட்டை விழுந்தது. கதிரேசன் அண்டாவுக்கு முத்தம் கொடுத்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள்.

“பழைய இரும்புக் கடையில கிடைச்சுது ஆன்ட்டி.”

ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். எழுத்தைத் தடவினாள். சொட்டையைத் தடவினாள். முகம் வெளிறிப்போனது. கதிரேசன் ஓரடி பின்னால் நகர்ந்தான். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தான்.

“என்து... என்து மாதிரிதான் கீது” என்றாள் ஆன்ட்டி. “வெச்சிட்டுப் போங்க.”

இருவரும் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பேர் ஸ்குரூக்களைக் கிலுக்கிக்கொண்டு ஆடினார்கள். வீடு தப்பித்தது!

கீழே போன் அடித்தது. லாய்டுதான். “பெரிம்மா, கட்டில் வாங்கியாச்சு. மாடி எப்பக் காலியாவும்?”

போனை வைத்த டோரதி ஆன்ட்டி, கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்: மூன்று வாரத்துக்கு முன்னால் மொட்டை மாடியிலிருந்து தன் கையாலேயே தூக்கிவந்து ஒளித்துவைத்த கல்யாண அண்டா, வைத்தது வைத்தபடி அங்கேயே இருந்தது.