சரிபார்க்கிற வரி

மூவாயிரத்து அறுநூறு பாக்கி என்கிறது கம்ப்யூட்டர் திரை, மூட்டை தூக்குகிறவரின் பெயருக்கு நேராக. வாங்கிய முன்பணத்துக்கு வாரம் அறுநூறு பிடிக்க வேண்டும். ஆறு வாரமாகக் கூலியில் ஆயிரத்து இருநூறு குறைகிறது, கடனில் அறுநூறுதான் கழிகிறது, வீட்டில் அரை வயிறு. கூலிக் கணக்குப் புரோகிராம் எழுதியவன் பிசுக்கேறிய கீபோர்டை பிஸ்கட் தூள் ஒட்டிய விரலால் தட்டிச் சோதனைக்கு ஓட்டுகிறான். ஆறிப்போன டீயின் விளிம்பில் ஒரு ஈ ஊர்கிறது. திரையில் ‘அறுநூறு பிடித்தாயிற்று’ என்று ஒரு வரி எழுகிறது. அதனடியில் அதே வரி மறுபடியும். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகிய மூட்டை தூக்குகிறவர் திரையில் விரல் வைத்துப் படிக்கிறார். "ரெண்டு தடவை இருக்கே தம்பி?" "பிடிச்சுதான்னு பாக்க புரோகிராம்ல ஒரு வரி போட்டேண்ணே. அதுவும் பிடிக்கிற வேலையவே இன்னொரு வாட்டி செய்யுது." "நீ எட்டிப் பாத்ததுக்கு என் கூலியா?" அவன் இளிக்கிறான், பல்லிடுக்கில் பிஸ்கட். அந்த வரியை அழித்து மறுபடி ஓட்டுகிறான். இப்போது ஒரே வரி. கூடுதலாகப் பிடித்த ஆறு அறுநூறும் பாக்கிக்குச் சரியாகப் போகிறது. "கடன் அடைஞ்சிருச்சு, சந்தோஷந்தானேண்ணே?" திரையில் பூஜ்யம், அதன் நடுவில் ஈ. அவர் திரையைத் தொட்ட விரலைச் சட்டையில் அழுத்தித் துடைக்கிறார்.