மாவுப்பானை

“போனை ஒளிச்சு வைங்க, அவங்க வந்துட்டாங்க” என்றாள் மனைவி, ஜன்னல் வழியே ஆற்றுப்பாலத்தைப் பார்த்தபடி.

“பொண்ணு அங்க வலியில துடிச்சுக்கிட்டிருக்கா. மாப்பிள்ளை எப்ப வேணா கூப்பிடுவாரு.”

“எனக்கு மட்டும் வயித்துல நெருப்பு இல்லையா? போன வாரம் நீங்க மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததுக்கே அந்த மனுஷன் என்ன குதி குதிச்சாரு. இன்னிக்கு இது கண்ணுல பட்டா நம்மளத் துரத்தியே விட்டுடுவாரு.”

கணவன் போனை மாவுப்பானைக்குள் புதைத்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கிழிந்த மீன்வலையை மடியில் இழுத்துப் போட்டான். மனைவி திரிகையைச் சுற்றினாள்.

யாரும் கதவைத் தட்டவில்லை. அந்த மனிதர் முன்னால் வர, பின்னாலேயே ஏழெட்டுப் பேர் நுழைந்தார்கள்.

“இதுதாங்க இருநூறு வருஷத்துக்கு முந்தின மீனவர் வீடு. இந்தப் பள்ளத்தாக்குல அப்ப எப்படி வாழ்ந்தாங்களோ, அதை இவங்க ரெண்டு பேரும் அப்படியே நடிச்சுக் காட்டுறாங்க. அந்தக் காலத்துல இல்லாத ஒரு குண்டூசியைக்கூட இங்க பார்க்க முடியாது.”

மாவுப்பானை மணியடித்தது.

கூட்டத்தை அழைத்து வந்த மேலாளர் முறைத்தார்.

“பொண்ணுக்குப் பிரசவம் சார்” என்றான் கணவன்.

மேலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அந்தக் காலத்துலயும் சேதி வந்தா, வேலையைப் போட்டுட்டுத்தான் கேட்பாங்க” என்றார்.

மனைவி மாவு படிந்த போனைக் காதில் வைத்தாள். “பேத்தி” என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள். “ரெண்டு உயிரும் நல்லா இருக்காம்.”

வாசலிலேயே நின்றுவிட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். “ரொம்பத் தத்ரூபமா நடிக்கிறாங்க. இது எந்த வருஷம் நடந்ததுங்க?”

கணவன் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான்.

“இப்பத்தாங்க.”