பஞ்சுவின் கண்

"இவன்தான், டாக்டர்! இவனோட பெயிண்ட் டப்பாவை நக்கித்தான் என் பஞ்சுவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு!"

கால்நடை ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. கத்தியவள் வீட்டுக்காரம்மா. தலையைக் குனிந்து நின்றவன் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெயிண்டர். அவள் கணவர், செம்மறியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

பிள்ளை மாதிரி வளர்த்த ஆடு. காலையிலிருந்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வயிறு எரியாதா பின்னே?

"டப்பாவையெல்லாம் மூடித்தான்க்கா வச்சிருந்தேன்..."

"வாயை மூடு! பொழுது சாயறதுக்குள்ள மாடியைக் காலி பண்ணிடு. பொண்டாட்டி பிள்ளையோட எங்கே வேணா போ!"

டாக்டர் பஞ்சுவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொத்து நோய்னா கண்ணு சிவந்து தண்ணி வடியும். இது கண்ணுல கோளாறு இல்லம்மா, மூளையில. பெயிண்ட்ல இருக்கற ஈயம் உள்ள போனாலும் இப்படி ஆகும். ரொட்டி, மாவுன்னு நிறையத் தின்னாலும் ஆகும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. என்ன தின்னுச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க. நேரம் போச்சுன்னா உயிரே போயிடும்."

"புல்லைத் தவிர எதையும் நான் கண்ணுல காட்டறதில்ல! ரொட்டியாம் ரொட்டி! நான் தினம் சுடற ரொட்டி எங்க வீட்ல மனுஷங்களுக்கே பத்தல. இவர் ஆபீஸுக்கு வேற ரெண்டு கட்டிக்கிட்டுப் போறார். பாவமேன்னு இந்த நன்றி கெட்டவனுக்கும் தட்டு நிறையக் குடுத்தேனே!"

பஞ்சுவின் முன்னங்கால் மடங்கியது. கணவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தான்... என் பங்கு ரொட்டியையெல்லாம் பஞ்சுவுக்குப் போட்டுட்டேன்."

"என்னது?"

"கல்லு மாதிரி இருந்துது. மெல்ல முடியல."

பெயிண்டர் மெல்லத் தலையை நிமிர்த்தினான். "நானும்தான்க்கா. திருப்பிக் குடுத்தா கோவிச்சுக்குவீங்களேன்னு..."

டாக்டர் மளமளவென்று ஊசியை எடுத்துக் குத்தினார். "நல்லவேளை, சொன்னீங்க. இது வைட்டமின். பொழைச்சுக்கும். பார்வைகூடத் திரும்பலாம்."

அவளுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"அடப்பாவிங்களா! நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? குடும்பத்தோட வெளியே போடான்னு சொன்னப்பகூட நீ வாயைத் திறக்கலையேடா! ஏன்? சொல்லுங்க, ஏன்?"

கணவர் ஓரடி பின்னால் போனார். பெயிண்டர் கதவோரம் ஒதுங்கினான். டாக்டர்கூட மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கத்தலுக்குப் பயப்படாமல், தள்ளாடித் தள்ளாடி வந்து அவள் கையில் மூக்கை வைத்தது, கண் தெரியாத பஞ்சு மட்டும்தான்.